வலது பக்கம் இருந்தவர்

ஜனவரி 5, 2025. ஞாயிறு

இன்று பெயின்ட் சுரண்டினோம். காலை ஏழு மணிக்கே மாரீஸ்வரன் உப்புத்தாளும் தகட்டுக் கத்தியுமாக வந்து நின்றான். திருச்சுழியில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன். வாரத்தில் ஆறு நாள் கேட் அடிப்பான், ஞாயிறு மட்டும் என் ஜீப்புக்கு. இந்த வண்டி மேல் எனக்கு எவ்வளவு பைத்தியமோ அவ்வளவு அவனுக்கும்.

மேலே, வண்டியை முன்பு வைத்திருந்த பஞ்சு ஜின்னிங் மில்காரர் அடித்த பச்சை. அதற்குக் கீழே எவனோ அடித்த சிவப்பு. அதற்கும் கீழே சாம்பல் நீலம். பானெட்டின் பக்கவாட்டில் அந்த நீலத்தின் மேல் வெள்ளையில் இரண்டு எழுத்து எழும்பி வந்தது. ஆர். என். பிறகு எண்கள். கடைசி இரண்டும் அழிந்துவிட்டன.

எனக்குப் புல்லரித்துப் போனது. தரைப்படை வண்டி என்றால் எம் என்ற எழுத்தில் தொடங்கும். விமானப்படை என்றால் ஆர்.ஏ.எஃப். இது ராயல் நேவி! இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் கோயம்புத்தூர்ப் பக்கம் வெள்ளைக்காரக் கடற்படை தன் விமானங்களைப் பழுது பார்த்தது என்று படித்திருக்கிறேன். இந்த வண்டி அங்கே ஓடிவிட்டு, சண்டை முடிந்ததும் இனி உதவாது என்று கண்டம் செய்யப்பட்டு ஏலத்தில் வந்திருக்கும். அருப்புக்கோட்டை மில்லுக்குப் பின்னால் கருவேலம் முளைத்துக் கிடந்ததைக் கண்டுபிடித்தவன் நான்.

மாரியிடம் சொன்னால் சிரிக்கிறான். "நம்ம கம்மாயிலயே தண்ணி இல்லண்ணே. இதுல கப்பல் படை வண்டியா?"

எரிச்சலாக இருந்தது. முப்பத்திரண்டு வருடம் தாலுகா ஆபீஸ் டிரைவர் நான். பதினேழு தாசில்தார்களை ஏற்றி இறக்கியிருக்கிறேன். வண்டியில் ஒரு சிராய்ப்புக் கிடையாது. எந்த வண்டி எந்தப் படை என்று எனக்குச் சொல்லத் தெரியாதா? ஜூன் 30 ஓய்வு. அதன் பிறகு நானும் இந்த ஜீப்பும்தான்.

ஜனவரி 12. ஞாயிறு

ஸ்டியரிங் பெட்டியைக் கழற்றி மாட்டினோம். மாரி கேட்டான்: "ஏண்ணே, இத வலப்பக்கம் மாத்தி வச்சிருவமா? நம்ம ரோட்டுக்கு அதுதான சவுரியம்?"

நல்ல திட்டு திட்டினேன். அமெரிக்காக்காரன் இடது பக்கம் வைத்துச் செய்து அனுப்பினான். வெள்ளைக்காரன் தன் மூன்று படைக்கும் அப்படியேதான் எடுத்துக்கொண்டான். வலது பக்க வண்டி ஓட்டிப் பழகிய நம்மாட்கள் பர்மா வரைக்கும் இடது பக்கம் உட்கார்ந்துதான் ஓட்டினார்கள். இடது பக்கம் இருப்பவன் வெளியே கை நீட்டினால் பின்னால் வருகிறவனுக்குத் தெரியாது. அதனால் வண்டியின் முதுகில் எழுதி வைத்தார்கள்: 'காஷன். லெஃப்ட் ஹேண்ட் டிரைவ். நோ சிக்னல்ஸ்.' அதையும் அப்படியே எழுதப் போகிறேன். எழுத்து அச்சுக்குத் தகடு வெட்டிக் கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.

"அப்ப முன்னால போற வண்டிய முந்தணும்னா எதுக்க வாரது தெரியாதே?" என்றான். தெரியாதுதான். வலது பக்கம் உட்காருகிறவன் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். கை காட்டுவதும் அவன்தான்.

"அப்ப நான் ஒங்க கண்ணு" என்று பல்லைக் காட்டினான். பெரிய கண்ணு.

ஜனவரி 19. ஞாயிறு

இன்ஜின் பிடித்தது. மாரி அழுதுவிட்டான். நான் அழவில்லை.

பிப்ரவரி 2. ஞாயிறு

முதல் ஓட்டம். நரிக்குடி ரோட்டில் பன்னிரண்டு கிலோமீட்டர் போய் வந்தோம். கதவு கிடையாது, முன் கண்ணாடியை மடக்கிப் படுக்கப் போட்டாயிற்று. முகத்தில் காற்று அறைகிறது. கேப்பைக் கொல்லையில் நின்றவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள்.

ஒரு விஷயம் மட்டும் பிடிக்கவில்லை. டீக்கடையில் நிறுத்தினோம். வலது பக்கத்திலிருந்து மாரி குதித்தான். கடைக்காரர் கிளாஸை எடுத்துக்கொண்டு நேராக அவனிடம் போய், "டிரைவரே, எந்தக் காலத்து வண்டி இது?" என்று கேட்கிறார். நான் இடது பக்கத்திலிருந்து இறங்கி நிற்கிறேன், என்னை எவனும் பார்க்கவில்லை. மாரியும் விடாமல், "நாப்பத்து மூணு மாடலு, நேவி வண்டி" என்று அளக்கிறான். போன மாதம் கம்மாய் என்று சிரித்தவன்!

திரும்பும்போது அவனிடம் பேசவில்லை. அவனுக்கு ஏன் என்றே தெரியவில்லை. "என்னண்ணே, இன்ஜின் சூடா?" என்று இரண்டு முறை கேட்டான்.

பிப்ரவரி 9. ஞாயிறு

மாரி செத்துப் போனான்.

பிப்ரவரி 10. திங்கள்

எழுதாமல் இருக்க முடியவில்லை. முப்பத்திரண்டு வருடம் எங்கிருந்து எங்கே, எத்தனை கிலோமீட்டர் என்று எழுதிய கை.

நேற்றுக் காலை ஒன்பதரை. நரிக்குடி ரோடு. நான் ஓட்டினேன், மாரி வலது பக்கம். முன்னால் ஒரு தனியார் பஸ். பின் ஜன்னலில் இரண்டு பயல்கள் தலையை நீட்டி, "தாத்தா வண்டி, தாத்தா வண்டி, தள்ளி விடவா?" என்று கத்தினார்கள். கண்டக்டரும் சேர்ந்து சிரித்தான். இரண்டு கிலோமீட்டர் இதே கூத்து.

முந்திவிடலாம் என்று திருப்பினேன். மாரி எட்டிப் பார்த்தான். "வேணாம்ணே. டிராக்டரு வருது. பொறுங்க" என்றான். எனக்குத் தெரியும்லே என்றேன். கையை வெளியே நீட்டி எதிரே வருகிறவனுக்கு நில்லு நில்லு என்று ஆட்டினான். நான் ஏறிவிட்டேன். பஸ்காரன் வேகத்தைக் கூட்டினான், பாவி. எதிரே கருவேல விறகு லோடு. டிராக்டர்காரன் ஓரமாக ஒடித்தான். டிரெய்லர் திரும்பியது. விறகு வெளியே நீட்டிக்கொண்டு... வலது பக்கம் முழுவதும் வாரிக்கொண்டு போனது.

ஜீப்புக்கு ஒன்றுமில்லை. ஒரு பக்க மட்கார்டு மடங்கியது, அவ்வளவுதான்.

ஏன் பொறுக்கவில்லை நான்? என்ன அவசரம் எனக்கு? ஐயோ, ரெண்டு பயலுக சிரிச்சதுக்கா?

பஸ் நிற்காமல் போய்விட்டது. டிராக்டர் ஓட்டியவன் சோணைமுத்து, நரிக்குடிப் பக்கத்து ஆள். ஓடாமல் நின்றான். அவன்தான் என்னோடு சேர்ந்து மாரியைத் தூக்கினான். மாரிக்கு அப்போதே உயிர் இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் எஸ்.ஐ. வந்தார். ஆபீஸ் வேலையாக அடிக்கடி பார்க்கிற ஆள்தான். என் தோளில் கை வைத்து, "அண்ணே, அந்த டிராக்டர்காரன் சொல்றான், ஜீப்புல வலப்பக்கம் இருந்தவருதான் கையக் கைய ஆட்டிக்கிட்டு ஏறி வந்தாருன்னு. அப்ப ஓட்டுனது மாரீஸ்வரன்தான?" என்று கேட்டார்.

"ம்" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார்.

பிப்ரவரி 11. செவ்வாய்

சுடுகாட்டுக்குப் போய் வந்தேன். கிளம்புமுன் வீட்டு வாசலில் குருவம்மாள், மாரியின் பெண்டாட்டி, என்னைப் பார்த்ததும், "ஒங்களுக்கு அடி கிடி படலயேண்ணே?" என்று கேட்டாள். தலையில் மண் ஒட்டியிருந்தது.

பிப்ரவரி 13. வியாழன்

யோசித்துப் பார்த்தேன். நான் பொய் சொல்லவில்லை. அவர்களாகவே ஒன்றை நினைத்துக்கொண்டார்கள். வலது பக்கம் இருந்தவர் என்று சோணைமுத்து சொன்னது உண்மை. வலது பக்கம் இருந்தவன் டிரைவர் என்று எஸ்.ஐ. எழுதினார். அது அவருடைய மூளை.

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? அஜாக்கிரதையால் மரணம் என்று என் மேல் வழக்கு. அரசு டிரைவர் மேல் இந்த வழக்கு வந்தால் மறுநாளே தற்காலிகப் பணிநீக்கம். வழக்கு முடிகிறவரை ஓய்வு பெறவும் விடமாட்டார்கள். நாலரை மாதம் இருக்கிறது. முப்பத்திரண்டு வருடத்தை நாலரை மாதத்தில் கொண்டுபோய்க் கொட்டவா?

மாரி இனிமேல் எந்த ஜெயிலுக்கும் போகப் போவதில்லை. அவனுக்கு என்ன?

பிப்ரவரி 14. வெள்ளி

என் பெண்டாட்டி அனுசியா சாப்பாடு போட்டுக்கொண்டே, "நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன். மாரி எந்தப் பக்கம் இருந்தாரு?" என்றாள்.

கண்ணாடி டம்ளரை எறிந்தேன். அவள் துடைப்பம் எடுத்துக் கூட்டினாள். அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு நின்றுவிட்டது.

பிப்ரவரி 19. புதன்

மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து வண்டியைப் பார்த்தார். ஜீப்பை இரண்டு சுற்று சுற்றினார். இடது பக்கம் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கை ஆட்டிப் பார்த்தார். பிரேக்கை மிதித்தார். "அட, நல்லா வச்சிருக்கீகளே" என்றார். ஒரு கணம் என்னைப் பார்த்தார். ஏதோ கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். போன் வந்தது.

படிவத்தில் நிரப்பினார்: பிரேக் நன்று. டயர் நன்று. ஸ்டியரிங் நன்று. எந்தப் பக்கம் என்று கேட்க அந்தப் படிவத்தில் இடமே கிடையாது. எண்பது வருடத்துக்கு முந்திய கடற்படைக்காரன் அதை வண்டி முதுகிலேயே எழுதி வைத்தான். நம்மவர்களுக்கு ஒரு கட்டம் போடத் தோன்றவில்லை.

வாய்விட்டுச் சிரித்தேன். கொட்டகைக்குள் தனியாக.

பிப்ரவரி 24. திங்கள்

பதினாறாம் நாள் காரியம். பந்தலில் என் பக்கத்தில் இருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். மாரி காலையிலேயே ஊற்றிக்கொண்டு வண்டியை எடுத்தானாம். அதனால்தான் ஏறினானாம். "ஆபீஸ் டிரைவரு பக்கத்துல இருந்தும் கேக்கல பாருங்க. அவரு வேணாம் வேணாம்னு சொன்னாராம்."

வேணாம் என்றவன் நான் ஆகிவிட்டேன்.

மாரிக்குக் குடிப்பழக்கம் கிடையாது. பீடிகூடக் கிடையாது. சொல்லியிருக்கலாம். இலையில் இருந்த அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தூணுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்த குருவம்மாள் காதில் விழுந்திருக்கும். செம்பை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மார்ச் 2. ஞாயிறு

இன்று குருவம்மாள் வந்தாள். தலையில் மாரியின் ஸ்பேனர் பெட்டி. அந்தக் கனத்தைத் திருச்சுழியிலிருந்து தூக்கிக்கொண்டு நடந்தே வந்திருக்கிறாள். கொட்டகை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஒங்க வண்டிய நாசம் பண்ணிட்டாருண்ணே. நீங்க வேணாம்னு சொல்லியுங் கேக்காம... அவருக்காக நான் மன்னிப்புக் கேக்குறேன். எங்கிட்டக் குடுக்க வேற ஒண்ணும் இல்ல. இந்தச் சாமான வச்சுக்கிடுங்க. இந்த வண்டிக்குன்னே மதுரைக்குப் போயி வாங்கியாந்த இஞ்சு அளவு ஸ்பேனரெல்லாம் இதுலதான் கெடக்கு."

என்ன சொல்லியிருக்க வேண்டும் நான்? கொண்டு போ தாயி என்றாவது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் திருப்பிக் கொடுத்தால் ஏன் என்று யோசிப்பாள். வாங்கிக்கொள்கிறவன்தான் நஷ்டப்பட்டவன். அப்படித்தான் அந்த நேரம் தோன்றியது.

"சரிம்மா, வச்சுட்டுப் போ" என்றேன்.

அவள் ஜீப் பக்கம் திரும்பவே இல்லை. அதைப் பார்க்கத் தனக்குத் தெம்பு இல்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். நல்லது.

அனுசியா அடுப்படி ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். நான் உள்ளே போனதும் அவள் காறித் துப்புகிற சத்தம் கேட்டது.

மார்ச் 16. ஞாயிறு

மட்கார்டைத் தட்டி நிமிர்த்திவிட்டேன். சாம்பல் நீலம் அடித்தாயிற்று. ஆர்.என். எழுத்தும் எண்ணும் எழுதியாயிற்று. மாரியின் இஞ்சு ஸ்பேனர் இல்லாவிட்டால் முன் சக்கர நட்டைக் கழற்றியிருக்க முடியாது.

அவன் வெட்டி வைத்த எழுத்துத் தகடு பட்டறையில் கிடந்ததென்று போன வாரமே எடுத்து வந்திருந்தேன். அழகாக வெட்டியிருந்தான். வண்டி முதுகில் அதை எழுதவில்லை. தகட்டை மடக்கிப் பழைய இரும்புக்காரன் சாக்கில் போட்டேன்.

மார்ச் 30. ஞாயிறு

மதுரையில் பழைய வண்டிகள் கண்காட்சி. என் ஜீப்புக்கு இரண்டாம் பரிசு. கடற்படையில் ஓடிய ஜீப் தென் மாவட்டத்தில் வேறு யாரிடமும் கிடையாது என்று மைக்கில் சொன்னார்கள். மாலை போட்டார்கள். வேலையெல்லாம் யார் செய்தது என்று ஒரு பத்திரிகைக்காரர் கேட்டார்.

நானே என்றேன். முதல் தடவை சொன்னபோது நாக்கு ஒட்டிக்கொண்டது. மூன்றாவது ஆள் கேட்டபோது சரளமாக வந்தது.

ஏப்ரல் 22. செவ்வாய்

எஸ்.ஐ. ஆபீஸ் பக்கம் வந்திருந்தார். குற்றம் சாட்டப்பட்டவர் இறந்துவிட்டதால் வழக்கு முடிந்தது. "இனிமே ஒங்களுக்கு ஒரு அலைச்சலும் இல்லண்ணே. பாவம், ரொம்ப ஒடைஞ்சு போயிட்டீக." டீ வாங்கிக் கொடுத்தேன்.

இரண்டரை மாதமாக இல்லாத பசி. புரோட்டா தின்றேன்.

மே 11. ஞாயிறு

நினைத்துப் பார்க்கவே...

வரிசையாக எழுதுகிறேன்.

காலை பத்து மணி. கொட்டகையில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். குருவம்மாள் வந்தாள். நூறு நாள் வேலைக்குப் போய்ப் போய்க் கறுத்திருந்தாள்.

"சோணைமுத்து வீட்டுக்கு வந்து அழுதாருண்ணே. எம் வண்டி விறகுலதானம்மா போச்சு, எனக்குத் தூக்கமே இல்லன்னு சொன்னாரு. எம் புருசன் கடைசியா வலப்பக்கம் உக்காந்து கைய நீட்டி நில்லு நில்லுன்னு காட்டிக்கிட்டே வந்தாராம். அது அவரு கண்ணுலயே நிக்குதாம். அதக் கேட்டதுல இருந்து எனக்கு ஒரு ஆச. அவரு உக்காந்த எடத்துல ஒரு தடவ உக்காந்துட்டுப் போயிரட்டுமா?"

சரி என்றேன். ஏன் சொன்னேன் என்று இப்போது தலையில் அடித்துக்கொள்கிறேன். அப்போது வேறொன்றும் ஓடவில்லை. வழக்கு முடிந்த நிம்மதியில் புத்தி மழுங்கிக் கிடந்தது.

செருப்பைக் கழற்றிவிட்டாள். கோயிலுக்குள் போவதுபோல. சுற்றி வந்து வலது பக்கம் ஏறி உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு, அவன் பிடித்திருந்ததைத் தானும் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, கண்ணை மூடியபடியே இரண்டு கையையும் முன்னால் நீட்டினாள்.

கைக்கு எதுவும் அகப்படவில்லை.

கண்ணைத் திறந்தாள். எதிரே வெறும் தகடு. திரும்பி இடது பக்கம் இருந்த ஸ்டியரிங்கைப் பார்த்தாள். பிறகு காலுக்குக் கீழே குனிந்து பார்த்தாள். அங்கே பிரேக்கும் இல்லை, கிளட்சும் இல்லை. அதற்குப் பிறகு என்னைப் பார்த்தாள்.

"வலப்பக்கந்தானண்ணே இருந்தாரு?"

"ஆமா" என்றேன். மூன்று மாதம் எஸ்.ஐ.க்கும் ஆபீசுக்கும் ஊருக்கும் இதையே சொல்லிச் சொல்லி வாய் அப்படிப் பழகிவிட்டது. கேட்டதும் தானாக வந்து விழுந்தது.

அவள் கத்தவில்லை. இறங்கிச் செருப்பைப் போட்டுக்கொண்டு, "வாரேண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மே 12. திங்கள்

யாரும் வரவில்லை.

மே 20. செவ்வாய்

யாரும் வரவில்லை. அவளுக்குப் புரியவில்லை போல. படிக்காதவள். வண்டியைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்?

மே 21. புதன்

புரிந்தது. எனக்குத் தெரியும். அந்தக் கண்ணைப் பார்த்தவன் நான்.

ஜூன் 12. வியாழன்

ஜமாபந்தி. தாலுகா ஆபீஸ் முழுக்கக் கூட்டம். பட்டா கேட்பவர்கள், ரேஷன் கார்டு கேட்பவர்கள், பாதை கேட்பவர்கள். தாசில்தார் இவாஞ்சலின் அம்மா மேஜை போட்டு மனு வாங்கிக்கொண்டிருந்தார். கறாரான அதிகாரி. ஒவ்வொரு மனுவையும் எதிரே நிற்பவருக்குக் கேட்கும்படி வாசித்துக் காட்டிவிட்டுத்தான் பெற்றுக்கொள்வார்.

நான் வண்டியை நிழலில் போட்டுவிட்டு நின்றேன். குருவம்மாள் நேரே என்னிடம் வந்தாள். கையில் ஒரு வெள்ளைத்தாள்.

"அண்ணே, விதவைப் பணத்துக்கு ஒரு மனு எழுதித் தாங்க."

"அங்க வேப்பமரத்தடியில நாலு பேர் எழுதுறாங்களே?"

"அவுகளுக்கு என்ன தெரியும்? கூட இருந்தது நீங்கதான" என்றாள். முகத்தில் ஒன்றும் இல்லை. முறைப்பும் இல்லை, அழுகையும் இல்லை.

கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறது. மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? வண்டி பானெட் மேல் தாளை வைத்தேன். அவள் சொன்னாள்:

"எம் புருசன் மாரீஸ்வரன், பிப்ரவரி ஒம்பதாந்தேதி, நரிக்குடி ரோட்டுல ஜீப்புல உக்காந்து போகையில அடிபட்டு எறந்து போனாரு. அப்பிடியே எழுதுங்கண்ணே."

உக்காந்து. பேனா நின்றது. அவளைப் பார்த்தேன். அவள் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. பேர் மட்டும் போடுவாள், அதுவும் மாரி சொல்லிக் கொடுத்தது.

ஒரு சொல்தானே. போலீஸ் பேப்பரில் ஓட்டி என்றுதான் இருக்கிறது. இதில் வேறு மாதிரி இருந்தால் கிளார்க் கேள்வி கேட்பான். அவளுக்கும்தானே தாமதம்? 'ஜீப்பை ஓட்டிச் சென்றபோது' என்று எழுதினேன்.

"வாசிச்சுக் காட்டுங்கண்ணே."

வாசித்தேன். "ஜீப்பில் உட்கார்ந்து சென்றபோது..." என்று, அவள் சொன்ன மாதிரியே வாசித்தேன். குரல் நடுங்கவில்லை. இதில் எனக்கு இவ்வளவு சாமர்த்தியம் இருக்கிறது என்று இத்தனை வருடம் தெரியாது.

"சரிண்ணே" என்று சொல்லிப் பேரை எழுதினாள். ஒவ்வொரு எழுத்தாக, நின்று நின்று.

ஒரு மணி நேரம் கழித்து அவள் முறை வந்தது. நான் கதவோரம் நின்றேன். அம்மா வாசித்தார்: "...நரிக்குடி சாலையில் ஜீப்பை ஓட்டிச் சென்றபோது..."

"ஓட்டின்னா இருக்கும்மா?" என்று குருவம்மாள் கேட்டாள்.

"ஆமா. ஓட்டிச் சென்றபோதுன்னு இருக்கு."

"நான் உக்காந்துன்னு சொன்னேம்மா. வாசிச்சுக் காட்டுனப்பவும் உக்காந்துன்னுதான் வாசிச்சாக. எழுதுறப்ப மட்டும் ஓட்டின்னு எழுதிட்டாக."

"யாரு எழுதுனது?"

அவள் திரும்பவில்லை. திரும்பாமலே கையை மட்டும் நீட்டினாள், கதவுப் பக்கம். நான் அங்கேதான் நிற்பேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"அந்த ஜீப்புக்கு ஸ்டியரிங்கு இடப்பக்கம்மா. எம் புருசன் இருந்தது வலப்பக்கம். பாத்தவரு இருக்காரு. இவுகளும் எங்கிட்ட ஆமான்னு சொன்னாக. எனக்குப் பணம் பெறகு குடுங்க. மொதல்ல அந்த ஒரு வார்த்தைய மாத்துங்க."

அம்மா என்னைப் பார்த்தார். பதினேழு தாசில்தார்களில் ஒருவர்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

மாலை ஐந்தரைக்கு வண்டியை வாசலில் கொண்டு வந்து நிறுத்தினேன். அம்மா ஆட்டோ வரச் சொல்லிப் போய்விட்டார்.

ஜூன் 13. வெள்ளி

ஆபீஸ் வண்டிச் சாவியை ஒப்படைக்கச் சொன்னார்கள். ஒப்படைத்தேன்.

ஜூன் 30. திங்கள்

இன்று மூன்று பேர் ஓய்வு என்று ஆபீஸ் அழைப்பிதழில் அச்சடித்திருந்தார்கள். இரண்டு மாலைதான் வாங்கினார்களாம். எனக்குக் காலையில் ஒரு உறை வந்தது. வழக்கு மறுபடி விசாரணைக்கு எடுக்கப்பட்டுள்ளதால் ஓய்வு பெற அனுமதி இல்லை, தற்காலிகப் பணிநீக்கம். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

நான் ஒன்றும் ஓய்ந்துவிடவில்லை. மதுரையில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். சோணைமுத்து பார்த்தது ஒரு நொடி. மனுவில் எழுதியது கைப்பிழை. யார் ஓட்டியது என்று கண்ணால் கண்ட சாட்சி ஒருவரும் இல்லை, வலது பக்கம் இருந்தபடியே எட்டி ஸ்டியரிங்கைப் பிடித்தான் என்றுகூடச் சொல்லலாம், நீங்கள் மட்டும் வாயைத் திறக்காதீர்கள் என்றார். படித்த மனுஷன். தெம்பாக இருந்தது.

மாலை நான்கு மணிக்கு ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வந்தார். ஜீப்பைக் கொண்டு போக வேண்டுமாம். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. எடுத்துக்கொள் என்று கையைக் காட்டினேன்.

ஏட்டு இடது பக்கம் ஏறினார். சாவி போடத் துவாரம் தேடினார். அந்த வண்டிக்குச் சாவி கிடையாது. ஸ்டார்ட்டரைக் காலால் அமுக்க வேண்டும், அதுவும் தெரியவில்லை. ஒரு வழியாக இன்ஜின் பிடித்ததும் கியரைப் போட்டார் பாருங்கள், பல் சக்கரம் அலறியது. வண்டி ஒரு குதி குதித்து நின்றது. மறுபடி. மறுபடியும். அந்தக் கியர் பெட்டிக்காக எத்தனை ஞாயிற்றுக்கிழமை!

"எறங்குயா கீழ!" என்று கத்திவிட்டேன். "ஒடச்சிராத! இது என்ன ஒங்க ஸ்டேஷன் வண்டியா? இத ஓட்ட இந்தத் தாலுகாவுல என்னைய விட்டா ஒருத்தன் கெடையாது. மாரி நாலு மாசம் இதுக்குக் கீழயே கெடந்தான், அவனையே ஒரு நாள் இந்த சீட்டுல உக்கார விட்டதில்ல நானு. செத்த அன்னைக்கு வரைக்கும் விட்டதில்ல."

இன்ஜின் அணைந்து கிடந்தது. ஏட்டு நிதானமாக இறங்கினார். பானெட் மேல் ஒரு தாளை விரித்தார்.

"இப்பச் சொன்னீகளே அண்ணே, அத இன்னொரு தடவ சொல்லுங்க. எழுதிக்கிடுறேன்."

அவர் பேனா எழுதவில்லை. உதறிப் பார்த்தார். நடையில் நின்றுகொண்டிருந்த அனுசியா உள்ளே போய் என் பேனாவை எடுத்து வந்து அவரிடம் கொடுத்தாள்.